ஐப்பசிக்கு முன் கட்டும் பை

ஆபத்துக்காலப் பை என்பது, வீட்டை விட்டு அந்த நிமிடமே கிளம்ப வேண்டி வரும்போது கையோடு எடுத்துக்கொண்டு போகும் ஒரே பை. வெள்ளமோ புயலோ ஏரி உடைப்போ வந்தால், வெளியிலிருந்து உதவி வந்து சேரும்வரை ஒரு குடும்பம் தாக்குப்பிடிக்கத் தேவையானவை அதற்குள் இருக்கும். பேரிடர்ப் பணியில் இருப்பவர்கள் இதற்கு 72 மணி நேரம், அதாவது மூன்று நாள் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். இந்தப் பை எதற்கு, அதை எப்படிக் கட்ட வேண்டும் என்பதை ஒரே நாளில் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளத் தமிழ்நாட்டில் ஒரு வழி உண்டு. காஞ்சிபுரத்துக்கு மேற்கே தாமல் ஏரிக்கரையில் தொடங்கி, பிள்ளையார்பாளையத்துத் தறிவீடுகளைத் தாண்டி, வடக்கே அரக்கோணத்தில் முடியும் வழி அது. மொத்தத் தூரம் 50 கி.மீ. அளவுதான்.

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் காஞ்சிபுரத்தைத் தாண்டி ஏறத்தாழ 15 கி.மீ. போனால் தாமல். ஊர் பழையது. தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில் ஒன்றான தாமர் கோட்டம் இந்த ஊரின் பெயரால் வழங்கியது. வராகீஸ்வரர் கோயிலும் தாமோதரப் பெருமாள் கோயிலும் ஊருக்குள் இருக்கின்றன. நெடுஞ்சாலைக்குப் பக்கத்திலேயே ஏரி. கோடையில் பார்ப்பவருக்கு அது மாடு மேயும் வெற்று நிலம். கார்த்திகையில் பார்ப்பவருக்கு மறுகரை தெரியாத நீர்ப்பரப்பு. காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் இதுவும் ஒன்று.

இந்தப் பக்கத்து ஏரிகளைத் தனித்தனிக் குளங்களாக நினைத்தால் ஆபத்து புரியாது. பாலாற்று அணைக்கட்டில் பிரியும் நீர் காவேரிப்பாக்கம் ஏரிக்கு வருகிறது. அங்கிருந்து கம்பக்கால்வாய் கிழக்கே போய், வழியில் ஏரிகளை நிரப்பிக்கொண்டு செம்பரம்பாக்கம் வரை சேர்கிறது. ஓர் ஏரியின் கலங்கல் வழிந்தால் அடுத்த ஏரிக்கு வரத்து. மேல் ஏரி உடைந்தால் அந்த வெள்ளம் முழுவதும் கீழ் ஏரியின் கரையில் மோதும். பாலாற்றின் நீரும் உள்ளூர் மழையை மட்டும் நம்பி வருவதில்லை. சித்தூர்ப் பக்கம் பெய்த மழை பொன்னையாற்றில் இறங்கி அணைக்கட்டுக்கு மேலே பாலாற்றில் கலக்கிறது. 2021 நவம்பரில் அப்படித்தான் நடந்தது. பாலாற்று அணைக்கட்டைக் கடந்து விநாடிக்கு 1 லட்சம் கன அடிக்கும் அதிகமாக நீர் போனது. ஆண்டின் பெரும்பகுதி மணல் மட்டும் தெரியும் ஆறு அது. 1903 இல் வாணியம்பாடியை அழித்த வெள்ளத்தை மறுபடி நினைத்துப் பேசும்படி ஆனது. தாமலில் வானம் வெளுத்திருக்கும் நாளிலும் வெள்ளம் வரலாம். மழையைப் பார்த்துப் பை கட்டத் தொடங்குபவர் அன்று பிந்திவிடுவார்.

ஏரிக்கரையில் ஆயத்தம் என்றால் மணல் மூட்டையும் சவுக்குக் கட்டையும்தான். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் நீர்வளத் துறையினர் பலவீனமான கரைகளுக்கு அருகே இவற்றைச் சேர்த்து வைப்பது தமிழ்நாடெங்கும் உள்ள வழக்கம். உடைப்பு எடுக்கும் இடத்தில் சவுக்குக் கட்டைகளை வரிசையாக அடித்து இறக்கி, அவற்றுக்குப் பின்னால் மூட்டைகளை அடுக்குவார்கள். பார்க்க எளிய வேலை. ஆனால் மூட்டை கட்டுவதிலேயே ஒரு பக்குவம் இருக்கிறது. சாக்கை வாய்வரை நிரப்பினால் அது உருளைக்கல் போல விறைத்து நிற்கும். இரண்டு மூட்டைகளுக்கு நடுவே சந்து விழும், நீர் அந்தச் சந்தில் புகும். பாதிக்கு மேல், மூன்றில் இரண்டு பங்குக்குள் நிரப்பிய மூட்டைதான் அமுங்கிப் படிந்து பக்கத்து மூட்டையோடு ஒட்டிக்கொள்ளும். வாயை மடித்து அடியில் கொடுத்து, கொத்தனார் செங்கல் வைப்பதுபோல ஒரு வரிசையின் இணைப்பு அடுத்த வரிசையின் நடுவில் விழும்படி அடுக்க வேண்டும்.

முந்தைய பருவத்து மூட்டை ஒன்று கரையோரம் கிடந்தால் அதைத் தொட்டுப் பார்ப்பது நல்ல பாடம். தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளை நிறத்தில் முழுசாக இருக்கும். மூலையைப் பிடித்துத் தூக்கினால் நார் நாராகப் பிரிந்து, உள்ளே இருந்த மணல் காலடியில் கொட்டிவிடும். பிளாஸ்டிக் இழையில் நெய்த சாக்கை வெயில் தின்றுவிடுகிறது. ஓராண்டு வெயிலில் கிடந்த சாக்கு கணக்கில் இருக்கும், காரியத்துக்கு உதவாது. சாக்கைக் கொட்டகையில் நிழலில் வைத்து, மணலைக் கரைக்குப் பக்கத்தில் குவித்து, தேவைப்படும்போது நிரப்புவது மேல். ஆபத்துக்கால ஆயத்தத்தில் மனிதர் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பொருள் இல்லாமல் போவது அரிது. இருக்கிறது என்ற நம்பிக்கையில் வருடக்கணக்கில் அதை யாரும் தொட்டுப் பார்க்காமல் விட்டுவிடுவதே வழக்கம்.

இதே மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921 ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்வதற்காகப் பெயர் பெற்றவை. அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களில் ஏரி வாரியமும் ஒன்று. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்து, அவர்களை ஆண்டுதோறும் மாற்றிய ஊர் அது. பொறுப்பு எவருடையது என்று பெயர் சொல்லி வைத்திருந்ததால்தான் அந்த ஏற்பாடு நடந்தது. வீட்டுப் பைக்கும் இந்த விதி பொருந்தும். பையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவரைச் சொல்லி வைக்க வேண்டும்.

தாமலில் உள்ள தாமோதரப் பெருமாளின் பெயரில் ஒரு கயிறு இருக்கிறது. தாமம் என்றால் கயிறு, உதரம் என்றால் வயிறு. யசோதை வயிற்றில் கயிற்றைச் சுற்றி உரலோடு கட்டிய கண்ணனே தாமோதரன். ஊரின் பெயரும் இந்தச் சாமியின் பெயரிலிருந்து வந்ததாக இங்குள்ளவர்கள் சொல்வார்கள். ஆபத்துக்காலச் சாமான்களில் முதலில் வைக்க வேண்டியதும் கயிறுதான். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வீட்டுப் பைக்குச் சொல்லும் பொருள்களில் தடித்த கயிறும் சிறு கயிறும் உண்டு. மீட்புப் பயிற்சியில் முதலில் கற்றுத் தருபவற்றில் ஒன்று முடிச்சு. இழுத்தால் இறுகாத கண்ணி ஒன்றைப் போடத் தெரிந்தால் போதும், நீரில் தவிப்பவருக்கு வீசலாம். அந்தக் கண்ணி வயிற்றில் விழக் கூடாது. அக்குளுக்குக் கீழே மார்பைச் சுற்றி விழ வேண்டும். வயிற்றில் அழுத்தினால் மூச்சு முட்டும். முடிச்சு தெரியாதவர் கையில் 20 மீட்டர் நைலான் கயிறும் ஒன்றுதான், துணி காயப்போடும் கொடியும் ஒன்றுதான்.

நெடுஞ்சாலையில் நிற்கும் லாரிகளைக் கவனித்தால் இந்தக் கலை தெரிந்தவர்கள் தினமும் கண்முன்னே போவது புரியும். தார்ப்பாய், கயிறு, கட்டை, ஜாக்கி, டார்ச், ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன் என்று ஒவ்வொன்றுக்கும் லாரியில் ஓர் இடம் உண்டு. இரவில் நடுவழியில் டயர் வெடித்தால் ஓட்டுநர் தேடிக்கொண்டு நிற்பதில்லை. கை தானாக அந்த இடத்துக்குப் போகும்.

வீட்டுப் பைக்கு வந்தால், முதல் கணக்கு தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டரை முதல் மூன்று லிட்டர் வேண்டும். நான்கு பேர், மூன்று நாள், மூன்று லிட்டர் என்றால் 36 லிட்டர். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. 36 கிலோவைத் தோளில் போட்டுக்கொண்டு முழங்கால் நீரில் எவராலும் நடக்க முடியாது. இந்தக் கணக்கைப் போடாமல் எழுதிய பட்டியல்கள் ஏராளம். ஆகவே இருப்பை இரண்டாகப் பிரிக்க வேண்டும். வீட்டிலேயே மாடியிலோ பரணிலோ இருந்து தாக்குப்பிடிப்பதற்கான தண்ணீர் ஒன்று. அதை மூடியுள்ள கேன்களில் உயரத்தில் வைக்கலாம். கிளம்பும்போது எடுத்துப் போவதற்கான தண்ணீர் இன்னொன்று. அது ஆளுக்கு ஒன்றிரண்டு லிட்டருக்கு மேல் தேவையில்லை, கூடவே குளோரின் மாத்திரை ஓர் அட்டை. சுற்றிலும் வெள்ளம் நிற்கும்போது நீருக்குப் பஞ்சமில்லை, குடிக்கத்தக்க நீருக்குத்தான் பஞ்சம். கலங்கிய நீரைத் துணியில் வடிகட்டித் தெளியவிட்டு, அதன்பின் மாத்திரை போட வேண்டும். சேறோடு போட்டால் குளோரின் சேற்றிலேயே வீணாகிவிடும்.

வயிற்றுப்போக்கு வெள்ளத்தின் கூடவே வரும். உப்பு–சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு மூன்று பையில் இருப்பது நல்லது. இல்லாவிட்டால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டிப் போட்டுக் கலக்கினால் ஆயிற்று. உப்பு கூடினால் குழந்தைக்குக் கேடு.

சாப்பாட்டைப் பொறுத்தவரை தமிழ்நாட்டு அடுப்படிக்கு எவரும் எதையும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. மாட்டுவண்டியில் திருப்பதிக்கும் பழனிக்கும் போன காலத்தில் கட்டுச்சோறு கட்டிய கைகள் இவை. புளியும் நல்லெண்ணெயும் சேர்ந்த சோறு ஏன் மறுநாளும் கெடாமல் இருக்கிறது என்பதை அந்தக் கைகள் அறியும். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் படைக்கும் குடலை இட்லியில் மிளகும் சீரகமும் சுக்கும் சேர்கின்றன. மூங்கில் குடலையில் இலை வைத்து வேகவைக்கும் அந்த இட்லி, வீட்டு இட்லியைவிட நாள் தாங்கும். ஆனால் மாதக்கணக்கில் பையில் கிடக்க வேண்டியது சமைத்த உணவாக இருக்க முடியாது. அவல், பொட்டுக்கடலை, வெல்லம், பேரீச்சை, கடலைமிட்டாய், வறுத்து அரைத்த சத்துமாவு ஆகியவை போதும். அவலுக்கு அடுப்பு வேண்டாம், நனைத்தால் போதும். அடுப்பு மூட்ட முடியாத நாளுக்காகக் கட்டும் பையில் அரிசியை அடைத்து வைப்பதில் பயனில்லை. பொட்டுக்கடலையில் வண்டு விழும், வெல்லம் நீர்விடும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டில் தின்று தீர்த்துவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும்.

காகிதங்களின் அருமை 2015 டிசம்பரில் தெரிந்தது. அந்த மாதம் முதல் தேதி பெய்த மழையில், 24 மணி நேரத்துக்குள் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. பதிவாயிற்று. வெள்ளம் வடிந்ததும் அரசு சிறப்பு முகாம்கள் போட்டு, தொலைந்த சான்றிதழ்களுக்கும் குடும்ப அட்டைகளுக்கும் மாற்று நகல் கொடுக்க வேண்டியிருந்தது. பத்திரம், மதிப்பெண் சான்றிதழ், வங்கிப் புத்தகம் ஆகியவை வீடுகளில் இரும்புப் பெட்டியின் அடியில்தான் இருக்கும். வெள்ளம் முதலில் சேரும் இடமும் அந்த அடித்தட்டே. மூலப் பத்திரங்களை நீர் புகாத உறையில் இட்டுப் பரணுக்கு ஏற்றிவிட்டு, நகல்களைப் பையில் வைப்பது சரி. கைபேசியில் எடுத்த படம் உதவும், ஆனால் சார்ஜ் இருக்கும்வரைதான். மின்சாரமும் கோபுரமும் போன பிறகு கைபேசியில் பணம் அனுப்பவும் முடியாது. பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சம் பணம் பையில் கட்டாயம் இருக்க வேண்டும். தெரிந்தவர்களின் எண்களையும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, மாநிலத்தின் 1070, ஆம்புலன்ஸின் 108 ஆகியவற்றையும் பால்பாயின்ட் பேனாவால் அட்டையில் எழுதி வைக்க வேண்டும். மை பேனா எழுத்து நீர் பட்டால் கலைந்துவிடும்.

மருந்து வீட்டுக்கு வீடு மாறும். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் தினசரி மாத்திரை போடும் பெரியவர் இருக்கும் வீட்டில் அதுவே பையின் முதல் பொருள். ஒரு வார மாத்திரையும் மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டின் நகலும் சேர்ந்தே இருக்க வேண்டும். சீட்டு இருந்தால் முகாமில் உள்ள மருத்துவர் தேடித் திணறமாட்டார். பெண்களுக்கான நாப்கின், கைக்குழந்தைக்கு வேண்டியவை, கண்ணாடி போடுபவருக்கு ஒரு பழைய கண்ணாடி ஆகியவற்றை ஆண்கள் எழுதும் பட்டியல்கள் மறந்துவிடுகின்றன. முகாமுக்கு வந்த முதல் இரவில் கேட்கப்படுபவை இவையே.

எந்தப் பையில் கட்டுவது? கட்டைப்பை எல்லா வீட்டிலும் இருக்கிறது, ஆனால் அது ஒரு கையைப் பிடித்துக்கொள்ளும், நனைந்தால் காது அறுந்துவிடும். நீரில் நடப்பவருக்கு இரண்டு கையும் வேண்டும். ஒரு கையில் குழந்தை, மறு கையில் ஊன்றுகோல் இருக்கும். முதுகில் மாட்டும் பைதான் ஏற்றது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் புத்தகப் பை, பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போனதும் இதற்கு அப்படியே பயன்படும். உள்ளே பெரிய பாலித்தீன் உறை ஒன்றைப் போட்டு, அதற்குள் பொருள்களை வைத்து வாயை முறுக்கிக் கட்டினால் பை நனைந்தாலும் பொருள் நனையாது.

கடைகளில் இப்போது ராணுவ மாதிரிப் பைகள் வருகின்றன. வெளிப்பக்கம் முழுக்கப் பட்டைகள், அதில் மாட்டிக்கொள்ளச் சிறு பைகள், இலைதழை நிறம். பொருளுக்கு ஓர் இடம் என்ற ஏற்பாடு அவற்றில் நன்றாகவே அமைந்திருக்கிறது. நிறம்தான் தவறு. போர்வீரர் மறைந்துகொள்ள வேண்டியவர். வெள்ளத்தில் சிக்கியவரோ பிறர் கண்ணில் பட வேண்டியவர். சேறும் மரமும் கலந்த வெள்ளக்காட்டில் படகிலிருந்து பார்ப்பவருக்குப் பச்சைப் பை தெரியவே தெரியாது. ஆரஞ்சு, மஞ்சள், சிவப்பு நிறங்களே வேண்டும். ஜப்பானில் வீடுகளுக்கு விற்கும் ஆபத்துக்காலப் பைகளில் பளபளக்கும் வெள்ளி நிறம் அதிகம். வெளிச்சம் பட்டால் மின்னும், நெருப்புப் பொறியையும் ஓரளவு தாங்கும். பச்சைப் பைதான் இருக்கிறது என்றால் அதன் முதுகில் ஒரு மஞ்சள் துணியைத் தைத்துவிட்டால் போதும்.

உள்வரிசையில் ஒரே விதி: முதலில் வேண்டியது கடைசியாக உள்ளே போக வேண்டும். இரவு இரண்டு மணி, மின்சாரம் இல்லை, கணுக்காலில் குளிர்ச்சி படுகிறது என்று வைத்துக்கொண்டால் முதலில் வேண்டியது வெளிச்சம். ஆகவே டார்ச் பைக்குள்ளேயே போகக் கூடாது. தோள்பட்டையில் கயிற்றால் கட்டித் தொங்க வேண்டும், பக்கத்திலேயே விசில். கத்தினால் தொண்டை சீக்கிரம் கட்டிவிடும், விசில் ஊத மூச்சு மட்டும் போதும், மழைச் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். மேல்தட்டில் மழைக்கோட்டு, கத்தி, நீர் புகாத டப்பாவில் தீப்பெட்டி. நடுவில் மருந்தும் உணவும். கனமான தண்ணீர் முதுகை ஒட்டி இருந்தால் நடக்கும்போது பின்னுக்கு இழுக்காது. அடியில் மாற்றுத்துணி. டார்ச்சின் பேட்டரியைக் கழற்றித் தனியே சுற்றி, டார்ச்சோடு சேர்த்துக் கட்டி வைக்க வேண்டும். உள்ளேயே விட்டால் பச்சைப் பூத்துக் கசிந்து, வேண்டிய இரவில் டார்ச் எரியாது. மெழுகுவத்தியைவிட டார்ச் நம்பகமானது. வெள்ளம் புகுந்த வீட்டில் கேஸ் சிலிண்டர் சாய்ந்து கசிந்துகொண்டிருக்கலாம். விளக்கை அணைத்துவிட்டு, கைத்தடவலில் டார்ச்சையும் மாத்திரையையும் எடுக்க முடிகிறதா என்று ஒருமுறை பார்த்தாலே பை சரியாகக் கட்டப்பட்டதா என்பது தெரிந்துவிடும்.

தாமலிலிருந்து காஞ்சிபுரம் பேருந்தில் அரை மணி நேரம். பிள்ளையார்பாளையத்தில் நுழைந்தால் வீட்டுக்குள்ளிருந்து தறிச் சத்தம் வரும். குழித்தறி, பெயருக்கேற்ப, தரையில் வெட்டிய குழிக்குள் கால் வைத்து மிதிக்கும் தறி. நெய்பவர் குழியின் விளிம்பில் உட்கார்ந்திருப்பார். மிதிகள் குழிக்குள் இருக்கும், நீளவாட்டு இழைகளான பாவு தரைக்குச் சற்று மேலே படர்ந்திருக்கும். பெருமழைக் காலத்தில் தெருவில் வெள்ளம் வராவிட்டாலும் இந்தக் குழியில் நீர் ஊறும். நிலத்தடி நீர் ஏறும்போது அது முதலில் தலைகாட்டும் இடம் இதுதான். நெசவாளர் வீட்டில் எச்சரிக்கை மணி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. குழியில் ஈரம் கசிந்தால் பையை இறக்கிவைக்கும் நேரம் வந்துவிட்டது. குழியில் நீர் நிற்கத் தொடங்கினால் வேலையும் நின்றுவிடும். நீரை வாளியில் மொண்டு ஊற்றினாலும் மறுபடி ஊறும், தரை காய நாள்கள் ஆகும்.

இந்த வீட்டின் பைக்கு இன்னொரு பாதி இருக்கிறது. அது உயிருக்கானதல்ல, பிழைப்புக்கானது. ஒரு பாவில் பொதுவாக மூன்று சேலை நெய்வார்கள். நெய்து முடித்த பகுதி படமரத்தில் சுற்றியிருக்கும். பட்டும் சரிகையும் பெரும்பாலும் நெசவாளருக்குச் சொந்தமில்லை. கூட்டுறவுச் சங்கமோ முதலாளியோ எடை போட்டுக் கொடுத்தவை, நெய்து கொடுக்கும்போது எடைக் கணக்கு நேராக வேண்டும். நனைந்த பட்டில் சாயம் இறங்கிப் பக்கத்து நிறத்தில் ஏறினால், காஞ்சிப் பட்டின் அழகே போயிற்று. உடலும் கரையும் வெவ்வேறு நிறமாகக் கோத்து நெய்வதே அதன் பெருமை. சரிகையில் இருப்பது வெள்ளி. ஈரத்தில் அது கறுக்கும். ஆகவே தறியில் இல்லாத தார்களையும் சரிகைக் கட்டையும் சாயங்காலம் வேலை முடிந்ததும் மூடியுள்ள டப்பாவில் போட்டுப் பரணில் வைப்பது மழைக்காலப் பழக்கமாக வேண்டும். சேலையின் கோலத்தைத் தீர்மானிக்கும் ஜக்கார்டு அட்டைகள் உயரத்தில் தொங்குவதால் வெள்ளத்துக்குத் தப்பிவிடும், ஒழுகும் கூரைக்குத் தப்பாது. மேலே தார்ப்பாய் கட்டினால்தான் அவை பிழைக்கும். பாவை அவசரத்தில் அறுத்தெடுத்தால், ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக மறுபடி பிணைக்க வேண்டும். அதைச் செய்யும் பெண்களின் விரல்களுக்குத்தான் அந்த வேலையின் பாரம் தெரியும். நெசவாளர் அடையாள அட்டையும் சங்கப் புத்தகமும் இல்லாமல் நிவாரணம் கேட்டுப் போனால் அலைச்சல் மிஞ்சும். இரண்டின் நகலும் குடும்ப அட்டையோடு ஒரே உறையில் இருக்க வேண்டும்.

ஆபத்துக்காலப் பையை ஆண்டுக்கு ஒரு நாளாவது பிரித்துப் பார்க்க வேண்டும் என்று எல்லா நாட்டிலும் சொல்கிறார்கள். ஜப்பானில் 1923 பெருநிலநடுக்கத்தின் நினைவாகச் செப்டம்பர் 1 ஆம் தேதியை, 1960 முதல் பேரிடர்த் தடுப்பு நாளாக வைத்திருக்கிறார்கள். அன்று ஒத்திகைகளும் பைச் சோதனையும் நடக்கும். தமிழ்நாட்டில் இதற்கென்று நாள் குறிக்க வேண்டியதே இல்லை. ஆயுத பூசை இருக்கிறது. தறியை நெசவாளரும், லாரியை ஓட்டுநரும், மம்மட்டியை உழவரும் துடைத்துப் பொட்டு வைக்கும் நாள். அது வருவதோ பெரும்பாலும் புரட்டாசியில். வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20 வாக்கில். பெரும்பாலும் மழைக்கு முன்பாக, வீட்டிலுள்ள கருவி அனைத்தையும் கீழே இறக்கித் துடைக்கும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அந்த வரிசையில் டார்ச்சும் கயிறும் விசிலும் சேர்ந்தால் போதும். அன்று பேட்டரி மாற்றி, மாத்திரையின் காலாவதித் தேதி பார்த்து, கடலைமிட்டாயைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுப் புதியதை வைத்து, தேதியை ஒரு சீட்டில் எழுதிப் பையின் பக்கத்தில் ஒட்டிவிடலாம்.

காஞ்சிபுரத்திலிருந்து அரக்கோணத்துக்கு ரயிலில் போவது நல்லது. செங்கல்பட்டு–அரக்கோணம் பாதை திருமால்பூர், தக்கோலம் வழியே வயல்களுக்கு நடுவே போகிறது. 949 இல் ராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் படையோடு மோதிச் சோழ இளவரசன் இராஜாதித்தன் யானை மேலேயே உயிர்விட்டது இந்தத் தக்கோலத்தில்தான். இன்று இந்தப் பகுதியின் படை வேறு வகையானது. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4 ஆம் பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது. 2005 ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ், 2006 இல் எட்டு பட்டாலியன்களோடு தொடங்கிய படை அது. இப்போது 16 பட்டாலியன்கள். அரக்கோணத்தில் உள்ளது மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையிலிருந்து வந்தவர்களைக் கொண்டது. பக்கத்திலேயே ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத் தளம் இருப்பதால், தேவைப்பட்டால் ஆளும் சாமானும் வானில் ஏறிவிடலாம். 2015 சென்னை வெள்ளத்துக்கும் 2018 கேரள வெள்ளத்துக்கும் இங்கிருந்து குழுக்கள் போயின.

ஒரு பட்டாலியனில் 18 குழுக்கள். குழுவுக்கு 45 பேர் என்பது தொடக்க அமைப்பு. பொறியாளர், மின்பணியாளர், மருத்துவ உதவியாளர், மோப்ப நாய்கள் என எல்லாம் அந்தக் குழுவுக்குள்ளேயே உண்டு. போகும் இடத்தில் யாரிடமும் எதையும் கேட்காமல் வேலை செய்ய வேண்டும் என்பது கொள்கை. பாதிக்கப்பட்ட ஊரில் சோறும் நீரும் கேட்டு நின்றால், மீட்க வந்தவர்களே அந்த ஊருக்குச் சுமையாகிவிடுவார்கள். ஆகவே காற்றடிக்கும் ரப்பர் படகு, அதற்கு மாட்டும் மோட்டார், உயிர்காப்பு மேலாடை, கான்கிரீட் அறுக்கும் ரம்பம், இடிபாட்டுச் சந்தில் நுழைக்கும் கேமரா ஆகியவற்றோடு கூடாரமும் சமையல் சாமானும் சேர்ந்தே போகும். வேலையின் வகையைப் பொறுத்துச் சாமான்கள் பிரிந்திருக்க வேண்டும். வெள்ளத்துக்கு அழைப்பு வந்தால் இடிபாட்டுக் கருவிகளைப் புரட்டிப் படகைத் தேட நேரம் கிடையாது. சிறு வீட்டுப் பையிலும் இதைச் செய்யலாம். மருந்து சிவப்புத் துணியில், காகிதம் தெளிவான உறையில், உணவு டப்பாவில் என்று பிரித்துவிட்டால் தேடல் குறையும்.

இந்தப் படையினர் பள்ளிகளிலும் கிராமங்களிலும் செய்து காட்டும் ஒத்திகைகளில் மக்கள் அதிகம் உற்றுப் பார்ப்பது ரப்பர்ப் படகை அல்ல. காலித் தண்ணீர்ப் பாட்டில்களை மூடி இறுக்கிச் சேர்த்துக் கட்டிய மிதவை, இரண்டு பிளாஸ்டிக் குடங்களை வாய்மூடிக் கயிற்றால் பிணைத்தது, வாழைத்தண்டுத் தெப்பம் ஆகியவற்றைத்தான். எல்லாம் வீட்டில் உள்ளவை. கட்டக் கயிறு மட்டும் வேண்டும்.

படை வந்து சேரும்வரை ஊரில் இருப்பவர்களே முதல் மீட்பாளர்கள். இதற்காகத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016 இல் ஆப்த மித்ரா திட்டத்தைத் தொடங்கியது. முதலில் 30 மாவட்டங்களில் 6,000 தன்னார்வலர்கள், பிறகு 350 மாவட்டங்களில் 1 லட்சம் பேர் என்று இலக்கு விரிந்தது. 12 நாள் பயிற்சியின் முடிவில் ஒவ்வொருவருக்கும் ஒரு பை கொடுத்தார்கள். உயிர்காப்பு மேலாடை, டார்ச், கையுறை, கத்தி, முதலுதவிப் பெட்டி, விசில், தண்ணீர்ப் பாட்டில், கொசுவலை, ரப்பர் பூட்ஸ், மழைக்கோட்டு, தலைக்கவசம், பாதுகாப்புக் கண்ணாடி ஆகியவை அதில் இருந்தன. அந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டியது கொசுவலையும் பூட்ஸும். வெள்ளம் வடியும் வாரங்களில் ஆளை வீழ்த்துவது பெரும்பாலும் கொசுவும் எலிக்காய்ச்சலும் பாம்பும்தான். புற்றுகளில் நீர் ஏறும்போது பாம்புகள் மேட்டுக்கு வரும். தாமல் போன்ற ஊரில் மேடு என்றால் ஏரிக்கரை, மனிதர்களும் அங்குதான் ஏறி நிற்பார்கள். வெறுங்காலோடு இருட்டில் கரை ஏறக் கூடாது. முன்னால் கோலால் தட்டிக்கொண்டு, டார்ச்சைத் தரையில் அடித்தபடி போக வேண்டும்.

பையை எங்கே மாட்டுவது என்பதும் கட்டுவதைப் போலவே முக்கியம். வாசலுக்குப் பக்கத்துச் சுவரில், அந்த வீட்டில் இதுவரை நீர் ஏறிய கோட்டுக்கு ஒரு முழம் மேலே, வீட்டிலேயே உயரம் குறைந்த பெரியவரின் கைக்கு எட்டும் இடத்தில் ஓர் ஆணி. கோடு அதற்கும் மேலே போயிருந்தால் படிக்கட்டில். பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய பை, சாவி கிடைக்காத இரவில் இல்லாததற்குச் சமம்.

ஒருமுறை எடுத்துப் பயன்படுத்திய பையை அப்படியே திரும்ப மாட்டக் கூடாது. எல்லாவற்றையும் வெளியே கொட்ட வேண்டும். வெள்ள நீர் பட்ட கயிற்றை நல்ல நீரில் அலசி, வெயிலில் போடாமல் நிழலில் கொடியில் தொங்கவிட்டு, கைவிரலால் முழு நீளமும் தடவி அறுந்த இழை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உறை பிரித்த மருந்தை எறிந்துவிடலாம். டார்ச்சைத் திறந்து உள்ளே உலரவைத்து, பேட்டரியைத் துடைத்துத் தனியே சுற்ற வேண்டும். பை காய்ந்த பிறகு, உறையைப் புதிதாகப் போட்டு, அவலும் பொட்டுக்கடலையும் நிரப்பி, செலவான ரூபாய்த் தாள்களுக்குப் பதில் வேறு தாள்களை வைத்து, விசிலை ஒருமுறை ஊதிப் பார்த்துவிட்டு, ஆணியில் மாட்ட வேண்டும்.